இரண்டாவது மணி

"கடவுள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு டீச்சரம்மா," என்றார் துயிலோமா. "அவரும் நம்ம ஊர்க்காரர்தானே."

கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஊர்சபையின் பெரிய தலைவர் சனிக்கிழமை மதிய வெயிலில் எங்கள் வீடு தேடி வந்து, பாயில் சம்மணம் போட்டு, அம்மா கொடுத்த கொக்கோவை ஊதி ஊதிக் குடித்துவிட்டு ஒரு வேலை சொல்கிறார் என்றால் அது வேண்டுகோள் இல்லை. உத்தரவு.

வேலை இதுதான். அன்று சாயங்காலம் நான் மணியைத் தள்ளி அடிக்க வேண்டும்.

எங்கள் ஊர் மணி என்பது ஆலயத்துக்கு முன்னால் சீமைப்பலா மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட காலி கேஸ் சிலிண்டர். இரும்புக் கம்பியால் அடித்தால் மலைத் தோட்டம் வரை கேட்கும். ஆறரைக்கு முதல் மணி: வீட்டுக்குப் போ. ஆறு நாற்பதுக்கு இரண்டாவது: ஜெபம் தொடங்கிவிட்டது, எங்கே இருந்தாலும் அங்கேயே உட்கார். ஏழுக்கு மூன்றாவது: எழுந்து உன் வேலையைப் பார். என் அப்பா இருபத்திரண்டு வருஷம் அடித்த மணி. சர்க்கரை நோயில் அவருடைய வலது பாதம் போன பிறகு கம்பி என் கைக்கு வந்தது. பெண் அடிக்கலாமா என்று ஊர்சபையில் இரண்டு வாரம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரு நாள் விடாமல் மாலையில் வந்து நிற்க வேறு யாரும் தயாராக இல்லை என்று தெரிந்ததும் பேச்சு நின்றது.

"காலையில படகு ஓடல," என்றார் துயிலோமா. "ரக்பிக்கு ஆள் எடுக்குற நியூசிலாந்துக்காரர் மதியப் படகுலதான் வர்றாரு. அவர் இல்லாம இறுதிப் போட்டிய ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம்? அஞ்சேகாலுக்கு ஆரம்பிச்சா முடிய ஏழு மணி நெருங்கிரும். முடிஞ்சதும் நான் கை காட்டுறேன். அப்ப அடி."

"போதகர் என்ன சொன்னார்?"

"போதகர்தான் முதல்ல சரின்னாரு!"

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எங்கள் போதகர் சென்ற வருஷம் தொலைக்காட்சியில் தேசிய அணி ஆடுகிறது என்று ஞாயிறு ஆராதனையையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியவர். பிரசங்கம் ஏழு நிமிஷத்தில் முடிந்தது. ஆறுதலான பிரசங்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

"உன் தம்பி ஆடுறான்மா," என்று துயிலோமா எழுந்தார். "அந்த வெள்ளைக்காரர் யாருக்காக வர்றாருன்னு நெனைக்கிற? எனக்காகவா?"

அவர்கள் போன பிறகு அம்மா கோப்பைகளை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "உன் மூஞ்சி எனக்குப் பிடிக்கல," என்றாள்.

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான்."

"அதத்தான் சொல்றேன்."

சென்ற வருஷம் மார்ச்சில் நடந்ததை அம்மா மறந்துவிட்டாள். அல்லது மன்னித்துவிட்டாள். எனக்கு இரண்டும் வராது. அப்பாவின் காலில் புண் வெடித்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, டாக்சியில் கூட்டி வந்துகொண்டிருந்தோம். ஊர் எல்லையில் நுழையும்போது இரண்டாவது மணி அடித்தது. அன்று அப்பாவுக்குப் பதிலாக யாரோ அடித்தார்கள். ஜெப நேரத்தில் சாலையைக் காவல் காக்கும் சானெலேவும் அவன் கூட்டமும், இடுப்பில் லாவாலாவா வேட்டி, கையில் தடி, சாலைக்குக் குறுக்கே வந்து நின்றார்கள். கட்டுத் துணியில் ரத்தம் ஊறி இருக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. வீடு இருநூறு அடி தூரம். "விடுங்கடா, ரத்தம் போகுது," என்று அம்மா கெஞ்சினாள். சானெலே சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "கடவுள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்." இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள். ஜெப நேரத்தில் சத்தம் போட்டதற்கு அம்மாவுக்கு ஒரு பெட்டி டின்மீன் அபராதம் வேறு.

ரத்தத்துக்காகக் காத்திருக்காத கடவுள் ரக்பிக்காகக் காத்திருப்பாராம்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தலைநகர் ஆப்பியாவில் நாலு வருஷம் மற்றவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்து வாங்கிய பட்டம். திரும்பி வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். படித்த பெண்ணுக்கு வாய் நீளம் என்பது ஊரின் முடிவு. சரிதான். நீளம்தான்.

மூன்று மணிக்குத் தம்பி வந்தான். பெயர் செபுலோனா, வீட்டில் செபு, வயது இருபது. வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸின் அடியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் இருந்தால் எனக்கு உள்ளுக்குள் எறும்பு ஊரும்.

"சொல்லித் தொலை," என்றேன்.

"அக்கா, பதினஞ்சு நிமிஷம்தான்."

"எதுக்குப் பதினஞ்சு நிமிஷம்?"

"நீ சரியா ஆறரைக்கு அடிச்சிருவன்னு அம்மா சொல்லுச்சு. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதாம்." குச்சியைத் தூக்கிப் போட்டான். "எனக்கு இது ஒண்ணுதாங்கா இருக்கு. உன்ன மாதிரி எனக்குப் படிப்பு வரல. கிழங்கு நடுறதும் பந்து தூக்கிட்டு ஓடுறதும்தான் வரும். அந்த ஆளு கைய நீட்டுனா நியூசிலாந்து. இல்லன்னா கிழங்கு."

"கிழங்குக்கு என்ன?"

"நீ நடு, தெரியும்."

அவன் சொன்னது நியாயம். அதுதான் எரிச்சலாக இருந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவன் பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். நான் வீட்டுக்குள் நடந்தேன், வெளியே நடந்தேன், துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். அப்பா கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லமாட்டார். கம்பியைக் கொடுத்த அன்றைக்கே, "இனிமே உன் கை," என்று முடித்துக்கொண்டவர்.

ஆறு மணிக்கே மரத்தடிக்குப் போய்விட்டேன். மைதானம் ஆலயத்துக்கு நேர் எதிரில், ஊர் நடுவில். மூன்று ஊர் ஜனம் திரண்டிருந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள்: துயிலோமா, போதகர், இருவருக்கும் நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர். போதகரின் மனைவி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள் இருபத்திரண்டு புள்ளி, நாங்கள் இருபது. ஒரு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. அவ்வளவுதான், கோப்பை நமக்கு.

கைக்கடிகாரத்தில் ஆறு இருபத்தெட்டு. ஆறு இருபத்தொன்பது.

ஆறரைக்கு அடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில்தான் அடித்தேன். டாக்சி இருக்கையில் ஊறிய ரத்தத்துக்கு ஒரு அடி, டின்மீன் பெட்டிக்கு ஒரு அடி, "டீச்சரம்மா" என்ற அந்தக் குரலுக்கு ஒரு அடி. படபடவென்று பத்து அடி. கை எரிந்தது.

ஒருவர்கூடத் திரும்பவில்லை.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஓடி வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். இதை எதிர்பார்க்கவில்லை. நானூறு, ஐந்நூறு பேர். பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்துக்கு எழுந்து வீட்டுக்குப் போனவர்கள். போதகர் மட்டும் ஒரு தரம் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார், பிறகு மைதானத்தைப் பார்த்தார். ஏதோ கோழி கூவியதுபோல.

சானெலே மட்டும் ஓடி வந்தான். சாலையில் நிற்க வேண்டியவன், கையில் அணிக் கொடியோடு.

"ஏய், பைத்தியமா உனக்கு? தலைவர் கை காட்டுறப்பதானே அடிக்கச் சொன்னாரு? கம்பியக் குடு."

"உன் தடி எங்க?"

"என்ன?"

"டாக்சிய நிறுத்துனியே, அந்தத் தடி. இன்னிக்கு எங்க வச்ச? போய் எடுத்துட்டு வா. ஐந்நூறு பேர் மைதானத்துல நிக்கிறாங்க, நிறுத்து."

அவன் முகம் கறுத்தது. "அத இன்னும் மனசுல வச்சிருக்கியா? அது வேற, இது வேற."

"எது வேற? ரத்தமா, பந்தா?"

அவன் பதில் சொல்வதற்குள் மைதானத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. தலை தானாகத் திரும்பியது. கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனான். என்னை மறந்தே போனான்.

பத்து நிமிஷம் இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் நான் பார்த்ததில்லை. மரத்தைச் சுற்றி நடந்தேன். இரண்டாவது மணியை அடிக்காமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முதல் மணியே காதில் விழவில்லை. என் கோபத்தைக் காட்டியாயிற்று, சானெலேயின் முகத்தைக் கறுக்க வைத்தாயிற்று. இனி அடித்தால் யாருக்கு நஷ்டம்? தம்பிக்கு. வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். சட்டை முழுக்கச் சேறு. நான் ஆப்பியாவுக்குப் போன நாளில் என் பெட்டியைத் தலையில் வைத்துப் பேருந்து வரைக்கும் ஓடி வந்தவன் அவன்.

சும்மா இரு, என்றேன் எனக்கே. கம்பியைக் கீழே வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

அந்த டாக்சி திரும்பத் திரும்ப வந்தது. நான் எப்போதும் நினைப்பது சானெலேயின் தடியை. அந்தப் பத்து நிமிஷத்தில் நினைவுக்கு வந்தது வேறு. அம்மா கத்திக்கொண்டிருந்தாள், நான் கதவைத் திறந்து அடிக்கப் போகிற நிலையில் இருந்தேன். பின்சீட்டில் அப்பா பாடத் தொடங்கினார். தினமும் பாடும் அதே பாட்டு, சுருதி சேராமல். பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை. யாருக்கும் பாடம் புகட்டவும் இல்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, அதனால் பாடினார். அவ்வளவுதான். டாக்சிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூடச் சேர்ந்து பாடினார்.

அந்த இருபது நிமிஷத்தை சானெலே எங்களிடமிருந்து பறித்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்பா அதைக் கொடுத்துவிட்டிருந்தார், தினமும் கொடுப்பதுபோலக் கடவுளுக்கு. அந்த நேரம் துயிலோமாவுடையது இல்லை. அவரால் அதை அபராதம் போட்டு வாங்கவும் முடியாது, விளையாட்டுக்கு வாடகைக்கு விடவும் முடியாது. என்னுடையதும் இல்லை. நான் அதை எடுத்துப் பழிவாங்க வீசியது, அவர்கள் அதை எடுத்து ரக்பிக்குக் கொடுத்ததற்குக் குறைந்த தப்பு இல்லை.

இது தெரிந்ததும் மனம் அமைதியானது என்று எழுத ஆசை. ஆகவில்லை. கம்பியை எடுத்தேன். ஆறு நாற்பது. தம்பியைப் பார்த்தேன். மன்னிச்சுக்கடா என்றேன். அடித்தேன்.

அப்பா அடிப்பதுபோல. ஒரு அடி, சத்தம் மலைக்குப் போய் அடங்கும் வரை பொறுத்து அடுத்த அடி. ஏழு அடி அடிக்க வேண்டும்.

மூன்றாவது அடியில் எதிரணி வீசிய பந்தைச் செபு குறுக்கே பாய்ந்து பிடித்தான். கூட்டம் எழுந்தது. நான்காவது அடியில் ஒருவனைத் தாண்டினான். ஐந்தில் இன்னொருவனை. முன்னால் யாரும் இல்லை. வெற்றுப் புல்லும் வெள்ளைக் கோடும்தான். துயிலோமா நாற்காலிமேல் ஏறி நின்றார். அம்மாவின் குரல்கூட எனக்குக் கேட்டது. ஆறாவது அடி. கம்பியைத் தூக்கிய கையை என்னால் நிறுத்த முடிந்திருக்கும். ஏழாவது அடி.

கோட்டுக்கு மூன்று கஜம் இருக்கும்போது என் தம்பி உட்கார்ந்தான்.

விழவில்லை. யாரும் தள்ளவில்லை. ஓட்டம் நடையாகி, நடை நின்று, எங்கள் வீட்டுப் பாயில் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பந்து மடியில். தலை குனிந்தது.

அவனைப் பிடிக்க ஓடி வந்த எதிரணிக்காரன் தலைக்குமேல் வந்து நின்றான். பந்தைப் பிடுங்கியிருக்கலாம். குனிந்து பார்த்தான், சுற்றிலும் பார்த்தான். அடுத்தவன் ஊரில் அடுத்தவன் மணி. அவனும் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு கூச்சல் ஒரு பக்கத்திலிருந்து வற்றத் தொடங்கியது. ஆடியவர்கள், நடுவர், ஓரத்தில் நின்ற பெண்கள், கடைசியில் நாற்காலிக்காரர்கள். நாற்காலிமேல் நின்ற துயிலோமா இறங்குவதற்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். போதகர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் பாட்டை எடுத்தது. ஐந்நூறு பேர் பாடினார்கள். போதகரும் பாடினார், முகத்தைக் கையில் மூடிக்கொண்டு. நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். எனக்குப் பாட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் நல்ல அழுகை இல்லை.

ஏழுக்கு மூன்றாவது மணி அடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மைதானத்தில் விளக்கு கிடையாது. நடுவர் பந்தை வாங்கிக்கொண்டு, நேரம் முடிந்தது என்றார். இருபத்திரண்டு, இருபது.

வெள்ளைக்காரர் செபுவிடம் வந்தார். அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். ஊரில் வாய் நீளம் தேவைப்படும் ஒரே நேரம் அது.

"ஏன் நின்றாய் என்று கேட்கிறார்," என்றேன்.

"மணி அடிச்சிச்சுன்னு சொல்லு."

சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார். "இவன் கால்களைப் போல நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஞாயிறும் ஆட்டம் உண்டு, சாயங்காலமும் உண்டு. அடுத்த தடவை மணி அடித்தால் என்ன செய்வாய் என்று கேள்."

கேட்டேன். குரலில் எதையும் சேர்க்காமல், எதையும் குறைக்காமல் கேட்டேன்.

செபு சேற்றைச் சுரண்டிக்கொண்டே யோசித்தான். ஒரு பொய் சொன்னால் போதும். நானே அதை மொழிபெயர்த்திருப்பேன்.

"உக்காருவேன்," என்றான்.

அவர் அவன் கையைக் குலுக்கிவிட்டு வேறொரு பையனிடம் போனார். எதிரணிக்காரன். உட்கார்ந்தானே, அவன் இல்லை, இன்னொருவன்.

வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் ஊர் பேசியது. "படிச்ச பொண்ணு அடிச்ச மணி, ரெண்டு புள்ளியில போச்சு!" என்று பையன்கள் ராகம் போட்டார்கள். லுசியா அத்தை வேலியோரம் நின்று, "உன் வாயிலதான்டி விஷம்னு நெனச்சேன், கையிலயுமா?" என்றாள். துயிலோமா எதிரில் வந்தார். சரியான நேரத்தில் மணி அடித்ததற்கு அபராதம் போட ஊர்சபையில் விதி இல்லை. அவர் வாய் அந்த விதியைத் தேடி அசைந்துகொண்டிருந்தது.

வீட்டில் அம்மா அவனுக்குக் கிழங்கும் மீனும் வைத்தாள். எனக்கும் வைத்தாள், தட்டை இறக்கிய சத்தத்தில் வித்தியாசம் இருந்தது. அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "டேய்," என்றேன். "நான் கோவத்துலதான் அடிச்சேன். சானெலே மேல, துயிலோமா மேல. உன்ன நெனைக்கவே இல்ல. திட்டுறதுன்னா திட்டிரு."

"தெரியும்," என்றான், வாயில் கிழங்கோடு. "முதல் மணி கேட்டப்பவே தெரியும். வெறிநாய் குலைக்கிற மாதிரி அடிச்ச. நான் கண்டுக்கவே இல்ல. யாருமே கண்டுக்கல."

"அப்புறம் ஏன் உக்காந்த?"

"ரெண்டாவது மணி அப்படி இல்லியே." தண்ணீர் குடித்தான். "அப்பா அடிக்கிற மாதிரி இருந்துச்சு. கால் தானா மடங்கிருச்சுக்கா. சின்ன வயசுலேருந்து மடங்குன காலு. ஆனா..."

"ஆனா?"

"எந்திரிச்சிருக்கலாம். நேரம் இருந்துச்சு. மூணு கஜம்தான். பக்கத்துல யாருமே இல்ல. எந்திரிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம், இவ்வளவு நல்லா ஓட வச்சவருகிட்ட இப்ப போய் இருங்க வர்றேன்னு சொல்லணுமான்னு தோணுச்சு. எந்திரிக்கல."

அம்மா கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குதாடா?" என்றேன்.

"வலிக்காம?" என்றான். "நாலு வருஷமாச்சே, அந்தக் கோட்டப் பாத்து ஓட ஆரம்பிச்சு." அப்புறம் அவன் அழுதான். சாப்பிட்டுக்கொண்டே அழுதான்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் மேடையில் வெகுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே செபு தோட்டத்துக்குப் போய்விட்டான். சாயங்காலம் மைதானத்தில் பையன்கள் ஆடினார்கள். அவனும் ஆடினான். அந்த ஆட்டம் அவனை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். நான் மரத்தடியில் கம்பியோடு நின்றேன். சாலையில் சானெலே நின்றான். என்னைப் பார்த்ததும் தடியைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

எனக்கு மனம் ஆறவில்லை. என் தம்பி கிழங்கு நடுகிறான், துயிலோமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதில் எங்கே நியாயம் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறேன், ஜெபத்திலேயே கேட்கிறேன். கேட்க வேண்டிய இடம் அதுதானே.

ஆறரை ஆனது. நான் முதல் அடியை அடித்தேன், சத்தம் அடங்கும் வரை பொறுத்தேன். வழக்கமாகப் பையன்கள் இரண்டாவது மணி வரை ஆடுவார்கள். முதல் மணிக்கே செபு நின்றான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

"டேய், இன்னும் பத்து நிமிஷம் இருக்குடா! பந்தக் குடுத்துட்டுப் போடா!" என்று கத்தினார்கள்.

அவன் திரும்பவில்லை. பந்து அவனிடம் இருந்ததால் வேறு வழியில்லாமல், திட்டிக்கொண்டே, எல்லோரும் அவன் பின்னால் போனார்கள். நான் இரண்டாவது அடியை அடித்தேன்.